ஆபரேஷன் முடிந்த முதல் சில மணி நேரம்: கூட இருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தியேட்டருக்குள் நோயாளியின் ஒவ்வொரு மூச்சையும் கவனிக்க மயக்க மருந்து டாக்டர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கிறார். வார்டுக்கு வந்துவிட்டால், ஒரே சிஸ்டர் பல படுக்கைகளைப் பார்த்தாக வேண்டும். அந்த நேரத்தில் கூட இருக்கும் மனைவியோ மகனோ எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தால் உயிரையே காப்பாற்றலாம். வருத்தம் என்னவென்றால், அதை அவர்களுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை.

நான் பார்த்தவரை முதல் தவறு, குறட்டையை நல்ல தூக்கம் என்று நினைப்பது. மயக்க மருந்தும், மார்ஃபின், ஃபென்டனில் போன்ற வலி மருந்துகளும் உடம்பில் மிச்சம் இருக்கும்போது நாக்கு தளர்ந்து பின்னால் சரியும். மூச்சுப் பாதை பாதி அடைபடுகிற சத்தம்தான் அந்தக் குறட்டை. முழுக்க அடைத்துவிட்டால் சத்தமே வராது. நெஞ்சு ஏறி இறங்குவது போலத் தெரியும், ஆனால் மூக்கருகே கை வைத்தால் காற்று படாது. அதனால் குறட்டை சட்டென்று நின்றால் "அப்பாடா" என்று விட்டுவிடாதீர்கள். எழுந்து போய்ப் பாருங்கள்.

வயிற்றின் மேல் லேசாகக் கை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருக்கும். 10-க்குக் கீழே போனாலோ, தோளைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் கண் திறக்காவிட்டாலோ உடனே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். "ஒரு மாதிரி இருக்கார்" என்று சொல்வதைவிட, "நிமிஷத்துக்கு 7 மூச்சுதான் விடுறார், கூப்பிட்டா முழிக்கல" என்று சொன்னால் வேலை வேகமாக நடக்கும். அவர்கள் வரும்வரை சத்தமாகக் கூப்பிட்டு, "மூச்சை நல்லா இழுங்க" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். வலி மருந்தால் வந்த மூச்சுத் தளர்வு என்றால் நலோக்சோன் என்ற மாற்று மருந்து இருக்கிறது, நேரத்தோடு தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

விரலில் மாட்டிய ஆக்ஸிஜன் அளவுக் கருவியைப் பார்த்து, "மிஷினில் 98 காட்டுதே" என்று சமாதானம் ஆவது இதோடு ஒட்டிய தவறு. மாஸ்க்கில் ஆக்ஸிஜன் ஓடும்போது, மூச்சு மெதுவானாலும் அந்த எண் வெகுநேரம் இறங்காது. உள்ளே கரியமில வாயு தேங்கிக்கொண்டே போகும்.

அடுத்தது ரத்தப்போக்கு. "பிரஷர் நார்மல்தான்" என்பதை மட்டும் நம்பக் கூடாது. ஆரோக்கியமான இளம் வயதினருக்கு உடம்பின் ரத்தத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம் போகும்வரைகூட பிரஷர் தாக்குப்பிடிக்கலாம். அதற்கு முன்பே நாடி வேகமாகும், கை கால் சில்லிட்டு வியர்க்கும், உதடு வெளுக்கும், தாகம் எடுக்கும், யூரின் பையில் சிறுநீர் குறையும். படுக்கையில் புரள்வதை வலி என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். ரத்தம் குறைந்தாலும், ஆக்ஸிஜன் குறைந்தாலும் மனுஷர் அப்படித்தான் புரள்வார். சிசேரியன் ஆன பெண் என்றால் போர்வையை விலக்கி, இடுப்புக்கு அடியில் விரிப்பு நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். ரத்தம் முன்னால் தெரியாமல் பின்பக்கமாக வழிந்து தேங்கும்.

டான்சில் ஆபரேஷன் ஆன குழந்தை தூக்கத்தில் அடிக்கடி எச்சில் விழுங்கினால் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். கசிகிற ரத்தத்தைக் குழந்தை விழுங்கிக்கொண்டே இருக்கும், வாந்தி எடுக்கும்போதுதான் வெளியே தெரியும். வீட்டுக்கு வந்த பிறகு, ஆபரேஷன் ஆன 5 முதல் 10 நாளில்கூட இது வரலாம். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு கழுத்து வீங்கி, குரல் மாறி, மூச்சு திணறினால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. டாக்டர் படுக்கையிலேயே தையலைப் பிரித்துவிட வேண்டிய அவசரம் அது.

ஆபரேஷனுக்கு முன்பே நடக்கும் தவறுகளும் உண்டு. "ஒரு டீதானே" என்று குடித்துவிட்டு மறைப்பது அதில் மோசமானது. பால் சேர்ந்த டீ சாப்பாட்டுக் கணக்கு, 6 மணி நேர இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம். வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. ஆபரேஷன் முடிந்து அரைமயக்கத்தில் இருப்பவருக்கு, நாக்கு காய்கிறதே என்று ஸ்பூனில் தண்ணீர் ஊட்டுவதும் அதே ஆபத்துதான்.

குடும்பத்தில் யாராவது ஆபரேஷன் டேபிளில் இறந்திருந்தால் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் கால் முறிந்து வந்த ஓர் இளைஞர், காலைவிட மயக்க மருந்துக்குத்தான் அதிகம் பயந்தார். அவருடைய சொந்தத்தில் 10 பேர் ஈதர் என்ற பழைய மயக்க மருந்து கொடுத்தபோது இறந்திருந்தார்கள். டென்பரோ, லவெல் என்ற இரு மருத்துவர்கள் அதை 1960-ல் எழுதிய பிறகுதான், சில மயக்க வாயுக்களால் தசை இறுகி உடம்பு கொதிக்கும் பரம்பரைக் கோளாறு உலகுக்குத் தெரிந்தது. இதில் காய்ச்சல் பெரும்பாலும் பிந்தித்தான் வரும். முதலில் மூச்சில் கரியமில வாயு ஏறும், நாடி ஓடும், தாடை இறுகும். டாண்ட்ரோலீன் இதற்கான மருந்து. முன்கூட்டியே தெரிந்தால் அந்த வாயுக்களைத் தொடாமலே ஆபரேஷன் செய்யலாம்.

வீடு திரும்பியபின் ஒரு கால் மட்டும் கெண்டைச் சதையில் வீங்கி வலித்தால், எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள். உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது நழுவிப் போய் நுரையீரலை அடைத்துவிடலாம். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். கூடவே திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் ஆட்டோ தேட வேண்டாம், 108-ஐக் கூப்பிட்டு, ஆபரேஷன் ஆன தேதியையும் சொல்லுங்கள்.