அஷ்டமி, நவமியில் படகேறுங்கள்: கொமோடோவில் முதல் லைவபோர்ட் பயணம்

இந்தோனேசியாவின் கொமோடோவில் ஸ்கூபா டைவ் போன போட்டோக்களைப் போட்ட நாளிலிருந்து "எப்படிப் போனீங்க, பயமா இல்லையா, எனக்கு ஒத்து வருமா" என்று ஒவ்வொருவராகக் கேட்க, ஒவ்வொருவருக்காகப் பதில் எழுதி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். ஓபன் வாட்டர் கோர்ஸ் முடித்து, பாண்டிச்சேரியிலோ ஹேவ்லாக்கிலோ நாலைந்து டைவ் போயிருப்பவர்களுக்கான பதிவு இது. ரெகுலேட்டர் என்றால் என்ன, காதை எப்படிச் சமன் செய்வது என்பதையெல்லாம் உங்கள் இன்ஸ்ட்ரக்டர் சொல்லியிருப்பார்.

லைவபோர்ட் என்றால் படகுதான் வீடு. அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். எழுந்து பத்து எட்டு வைத்தால் கடல். நான் போனது நான்கு இரவு. புறப்படும் துறைமுகம் ஃப்ளோரஸ் தீவின் மேற்கு முனையில் இருக்கும் லபுவான் பாஜோ. சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாகப் பாலி, அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான உள்நாட்டு விமானம்.

படி 1: தேதியைக் காலண்டரில் பாருங்கள்

எல்லோரும் முதலில் படகைத் தேடுவார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கொமோடோவின் அழகும் ஆபத்தும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன: நீரோட்டம். பசிபிக் பெருங்கடலின் நீர் இந்தோனேசியத் தீவுகளுக்கு இடையே புகுந்து இந்தியப் பெருங்கடலுக்கு வருகிறது. சும்பாவாவுக்கும் ஃப்ளோரஸுக்கும் நடுவே கொமோடோ, ரின்ச்சா, பாடர் என்று தீவுகள் நெருக்கிக்கொண்டு நிற்பதால், அந்தச் சந்துகளில் நீர் ஆறு போல ஓடும். இதோடு ஓதமும் (கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கம்) சேர்ந்துகொள்ளும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம், ஓட்டமும் அதிகம். அரை நிலா (அஷ்டமி) நாட்களில், சரியாகச் சொன்னால் அதற்கு ஓரிரு நாள் கழித்து, ஓட்டம் தணியும்.

அதனால் சப்தமியில் ஏறி ஏகாதசியில் இறங்குகிற மாதிரி படகு கிடைத்தால் யோசிக்காமல் போடுங்கள். "அஷ்டமி, நவமியில் யாராவது பயணம் கிளம்புவாங்களா" என்று என் அம்மா கேட்டார். ஓதம் பார்த்தால் அதைவிட நல்ல நாள் கிடையாது என்று சொன்னேன், நம்பவில்லை. நம்மூர் மீனவர்களிடம் கேட்டால் ஒப்புக்கொள்வார்கள். 'நீவாடு' (நீரோட்டம்) பார்க்காமல் அவர்கள் வலை போடுவதில்லை.

அனுபவசாலிகள் இதற்கு நேர்மாறாகத் தேதி போடுவார்கள். நீர் ஓடினால்தான் சுறாக்களும் பெரிய பாரை மீன்களும் கூடும். அவர்கள் பேச்சைக் கேட்டுப் பௌர்ணமிக்குப் போகாதீர்கள். முதல் பயணத்துக்கு வேண்டாம்.

பருவம் ஏப்ரல் முதல் நவம்பர் வரை. ஜனவரி, பிப்ரவரி மழையும் அலையும். துறைமுகத்தில் படகுகளை நிறுத்திவைத்துவிடுவதும் உண்டு.

படி 2: படகு

இங்கே ஓடும் பெரும்பாலான படகுகள் பினிசி வகை. தெற்கு சுலாவேசியில் ஆரா, தானா பெரு, பீரா ஊர்களின் தச்சர்கள் கடற்கரையிலேயே கட்டுபவை. முதலில் பலகைகளைச் சேர்த்து வெளிக்கூட்டை எழுப்பிவிட்டு, அதன் பிறகு உள்ளே விலா மரங்களைப் பொருத்துவார்கள். இந்தக் கலையை யுனெஸ்கோ 2017இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இரண்டு பாய்மரம், ஏழு பாய் என்பது இலக்கணம்.

ஆனால் விளம்பரத்தில் பாய் விரித்த படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஓடுவது டீசல் எஞ்சினில். எங்கள் படகில் மூன்றாம் நாள் மதியம் அரை மணி நேரம் இரண்டு பாய்களை விரித்து எஞ்சினை நிறுத்தினார்கள். மூன்று நாளாகக் காதில் இருந்த இரைச்சல் நின்றதும் யாருமே பேசவில்லை. கயிறு முறுகும் சத்தமும் படகின் முன்முனையில் தண்ணீர் பிளக்கும் சத்தமும்தான். அந்த அரை மணி நேரம் உங்களுக்கும் வேண்டுமென்றால், முன்பதிவுக்கு முன்பே "பாய் விரிப்பீர்களா, எத்தனை முறை" என்று எழுதிக் கேளுங்கள். கேட்காவிட்டால் கிடைக்காது.

மற்ற கேள்விகள்:

- எந்தச் சான்றிதழ், எத்தனை டைவ் எதிர்பார்க்கிறார்கள்? பல படகுகள் அட்வான்ஸ்டு கேட்கும். ஓபன் வாட்டருக்கு 18 மீட்டர்தான் எல்லை, அட்வான்ஸ்டுக்கு 30.
- ஒரு கைடுக்கு எத்தனை பேர்? நான்குக்கு மேல் என்றால் நான் வேறு படகு பார்ப்பேன். ரூம் ஏசியைவிட இது முக்கியம்.
- கொமோடோ தேசியப் பூங்காக் கட்டணம், நைட்ராக்ஸ் (நைட்ரஜன் குறைத்த காற்று), வாடகைக் கருவிகள் விலையில் சேர்த்தியா?
- அவசரத்துக்கு ஆக்சிஜன் சிலிண்டர் படகில் இருக்கிறதா?

நைட்ராக்ஸ் கோர்ஸை ஊரிலேயே முடித்துவிடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை இறங்கும்போது, நைட்ரஜன் குறைவான காற்றில் கீழே இருக்கக் கிடைக்கும் நேரம் கூடும். 32 சதவீத ஆக்சிஜன் கலவைக்கு ஆழ எல்லை ஏறக்குறைய 34 மீட்டர். சிலிண்டரை நீங்களே மீட்டரில் அளந்து கையெழுத்துப் போட வேண்டும்.

(பின்சேர்க்கை: கோர்ஸ் முடித்தும் கார்டின் நகல் கையில் இல்லாததால் சாதாரணக் காற்றுதான் கிடைத்தது என்று ஒருவர் கமென்ட்டில் எழுதியிருந்தார். நடுக்கடலில் சிக்னல் இருக்காது. கார்டைப் போட்டோ எடுத்து போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.)

படி 3: பை

சொந்தமாக வாங்க வேண்டியவை என் கணக்கில் மூன்றே மூன்று: மாஸ்க், டைவ் கம்ப்யூட்டர், எஸ்எம்பி (மேலே வருமுன் அனுப்பும் அடையாளப் பை, படி 4இல் சொல்கிறேன்). மற்றதெல்லாம் வாடகை.

கம்ப்யூட்டரில் எழுத்து பெரிதாகத் தெரிகிற மாடலாகப் பாருங்கள், பட்டன் எத்தனை என்பது இரண்டாம் பட்சம். பயணம் முழுக்க ஒரே கம்ப்யூட்டர் உங்கள் கையில் இருக்க வேண்டும். முந்தைய டைவுக்குப் பின் உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் கணக்கு அதில்தான் இருக்கிறது. காலையில் நீ, மதியம் நான் என்று நண்பர்கள் மாற்றிக் கட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அது தற்கொலை முயற்சி.

வெட்சூட் வடக்கில் 3 மில்லிமீட்டர் தடிமன் போதும். தெற்குப் பக்கம் அடியிலிருந்து குளிர்நீர் மேலெழுவதால் 5 மில்லி கேளுங்கள். ஒரே நாளில் 28 டிகிரியிலிருந்து 23க்குப் போய்ப் பல் கிட்டியது எனக்கு.

குமட்டல் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கி, ஊரில் ஒரு விடுமுறை நாளில் போட்டுப் பாருங்கள். தூக்கம் எவ்வளவு தள்ளுகிறது என்று தெரிந்த பிறகே கடலில் போடுங்கள். மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு இறங்கவே கூடாது. கீழே இருக்கும்போது அதன் வேலை முடிந்தால், மேலேறும்போது காற்று வெளியே வர வழியில்லாமல் காது, சைனஸ் இரண்டும் வலியில் துடிக்கும்.

பயணக் காப்பீட்டில் ஸ்கூபா சேர்த்தியா, எத்தனை மீட்டர் வரை என்று பொடி எழுத்தைப் படியுங்கள். வெறும் 'டிராவல் இன்சூரன்ஸ்' போதாது. டைவர்களுக்கென்றே டான் அமைப்பின் காப்பீடு இருக்கிறது. நான் அதைத்தான் எடுத்தேன்.

விசா: பாலி விமான நிலையத்திலேயே கிடைக்கும். 30 நாளுக்கு 5 லட்சம் ரூபியா. கேட்கத் தலை சுற்றும் தொகை. ஒரு டீக்கே ஆயிரக்கணக்கில் கொடுக்கிற ஊர் அது, பழகிவிடும்.

படி 4: எஸ்எம்பி விடுவது (இங்கேதான் நான் விழுந்தேன்)

எஸ்எம்பி என்பது சுருட்டி வைத்த ஆரஞ்சு நிற நீளப் பை. மேலே வருவதற்கு முன் கீழிருந்தே காற்று நிரப்பி, நூலோடு மேலே அனுப்ப வேண்டும். கொமோடோவில் நீர் உங்களை எங்கோ கொண்டுபோய் விடும். டிங்கி (சின்னப் படகு) ஓட்டுபவர் அந்த ஆரஞ்சுக் கம்பத்தைப் பார்த்துத்தான் வந்து அள்ளிக்கொள்வார். தலைக்கு மேல் டிங்கிகள் பறக்கும் இடத்தில் "இங்கே ஆள் இருக்கிறது" என்று சொல்வதும் அதுதான்.

என் கோர்ஸில் இதைக் கரையில் வைத்துக் காட்டினார்கள். "ஈஸிதான்" என்றார்கள். 'பத்து போலோங்' என்ற இடத்தில் இரண்டாம் நாள், கைடு "நீ விடு" என்று சைகை காட்டினார். கடலுக்கு நடுவே நிற்கும் ஒற்றைப் பாறை அது. ஓட்டத்துக்கு மறைவான பக்கத்தில்தான் இறங்க வேண்டும்.

நூல் சுற்றிய ஸ்பூல் கை நழுவிவிடுமோ என்ற பயத்தில் அதை ஜாக்கெட் வளையத்தில் மாட்டினேன். பையில் காற்றை நிரப்பி விட்டேன். நூல் ஒரு சுற்று ஓடியதும் சிக்கியது. பை நிற்குமா? என்னையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. கையில் கம்ப்யூட்டர் கத்துகிறது, ஆறு மீட்டர், ஐந்து, நான்கு. கைடு வந்து ஃபின்னைப் பிடித்து இழுத்து, வளையத்திலிருந்து ஸ்பூலைக் கழற்றிவிட்டார். அவர் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

இப்போது நான் செய்யும் முறை:

முதலில் மிதப்பைச் சமன் செய்து அசையாமல் நில்லுங்கள். நண்பரைப் பார்த்த மாதிரி நில்லுங்கள், அவர் உங்கள் ஆழத்தைக் கவனிப்பார். பையைப் பிரித்து, நூல் கையிலோ குழாயிலோ சுற்றவில்லையே என்று பாருங்கள். ஸ்பூலின் நடு ஓட்டையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இருக்கட்டும், சக்கரம் சுழல்கிற மாதிரி. எதிலும் மாட்டாதீர்கள். எதிலுமே.

அண்ணாந்து பாருங்கள், மேலே டிங்கி வருகிறதா என்று.

அடுத்து மூச்சு. நன்றாக உள்ளிழுத்து, அதே மூச்சைப் பைக்குள் ஊதுங்கள். நுரையீரலில் இருந்த காற்றுதான் பைக்குப் போகிறது என்பதால் உங்கள் மிதப்பு மாறாது. உதிரி ரெகுலேட்டரை வைத்து நிரப்பினால் வேகமாக முடியும் என்பார்கள். எனக்குப் பிடிக்காது. ஒரே அழுத்தில் பை நிரம்பி, ஆள் தயாராகும் முன்பே கிளம்பிவிடும்.

முழுக்க நிரப்ப வேண்டிய அவசியமும் இல்லை. பத்து மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரு மடங்கு. அங்கே பாதிப் பை ஊதினால் மேலே போகும்போது விரிந்து முழுப் பை ஆகிவிடும். ஐந்து மீட்டரில் என்றால் மூன்றில் இரண்டு பங்கு. ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும். பத்து லிட்டர் பையோடு நீங்கள் மல்லுக்கு நிற்க முடியாது. ஊதியதும் விட்டுவிடுங்கள், ஸ்பூல் விரலில் சுழலட்டும். சிக்கினால் ஸ்பூலையே விட்டுவிடுங்கள். அதன் விலை உங்கள் நுரையீரலைவிடக் குறைவு.

மேலே போய் நின்றதும் தொய்வை மட்டும் சுற்றி எடுத்து, நூல் விறைப்பாக இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். தொய்ந்தால் பை படுத்துவிடும், டிங்கிக்காரருக்குத் தெரியாது. ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம், பிறகு மெதுவாக மேலே.

ஊருக்கு வந்து மொட்டைமாடியிலும், பிறகு நீச்சல் குளத்திலும் இருபது தடவையாவது பழகினேன். பக்கத்து வீட்டு அக்கா "பட்டம் விடுறியாப்பா" என்றார். ரீல் வைத்த பெரிய கருவி வேண்டாம், 15 மீட்டர் நூல் உள்ள விரல் ஸ்பூல் போதும். பை மட்டும் ஆறடி உயரமாக வாங்குங்கள். கூடவே ஒரு விசில்.

படி 5: படகில்

ஆறு மணிக்கு எழுப்புவார்கள். பிஸ்கட், காபி, கரும்பலகையில் வரைபடம், ஏழுக்குள் தண்ணீர். திரும்ப வந்து டிபன், மறுபடி டைவ், சாப்பாடு, தூக்கம், மறுபடி டைவ். காராங் மக்காஸார் என்ற இடத்தில் ஆழமில்லாத, உடைந்த பவளம் கிடக்கும் தரையின் மேல் நீரோடு மிதந்து போனால் கொம்புத் திருக்கைகள் (மான்டா ரே) வரும். துரத்தாதீர்கள், அசையாமல் இருந்தால் அவையே தலைக்கு மேல் வரும். இந்தோனேசியா 2014இலேயே தன் கடல் முழுவதும் இவற்றைப் பிடிப்பதைத் தடை செய்துவிட்டது. அந்த நிம்மதி அவற்றின் நடையில் தெரிகிற மாதிரி எனக்குத் தோன்றியது.

ஒரு டைவ் வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நான்காவது நாள் நான் காலை டைவை விட்டுவிட்டு மேல்தளத்தில் படுத்திருந்தேன். காசு போயிற்றே என்று தோன்றவே இல்லை.

(பின்சேர்க்கை, சைவர்களுக்கு: "வெஜ்" என்று மட்டும் சொல்லாதீர்கள். காய்கறி வதக்கலிலும் சம்பாலிலும் 'தெராசி' என்ற இறால் விழுது இருக்கும், அப்பளம் மாதிரி இருப்பதும் பெரும்பாலும் இறால்தான். ஒரு வாசகி இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தாராம். "தெராசி வேண்டாம், மீன் வேண்டாம்" என்று சமையல்காரரிடம் நேரில் சொல்லுங்கள். டெம்பே பிரமாதமாகச் செய்வார்கள். ஊறுகாய் பாட்டில் கொண்டுபோங்கள், படகே காலி செய்துவிடும்.)

படி 6: திரும்பும் விமானம்

பல நாள், பல டைவ் என்றால் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது. நான் 24 வைத்துக்கொள்வேன். படகு காலையில் கரை சேர்கிறது என்று அன்றைக்கே டிக்கெட் போடும் முன், கடைசியாக எப்போது இறங்குவீர்கள் என்று படகுக்காரரிடம் கேளுங்கள். பொதுவாகக் கடைசி நாளைப் பாடர் தீவு மலையேற்றத்துக்கும் கொமோடோ டிராகனுக்கும் ஒதுக்கியிருப்பார்கள்.

(பின்சேர்க்கை: "விமானம் இல்லை, இறங்கிய மதியமே காரில் ருத்தேங் போகிறோம், பரவாயில்லையா?" என்று ஒரு தம்பதி கேட்டார்கள். எனக்கே தோன்றாத கேள்வி. ருத்தேங் 1,000 மீட்டருக்கு மேல் இருக்கும் மலையூர். உடம்பைப் பொறுத்தவரை அவ்வளவு உயரத்துக்கு ஏறுவதும் விமானம் ஏறுவதும் ஒன்றுதான், அதே 18 மணி நேரம். ஒரு இரவு கூடுதலாக லபுவான் பாஜோவிலேயே தங்கி, கம்போங் உஜோங் இரவுச் சந்தையில் சுட்ட மீன் சாப்பிட்டுவிட்டு மறுநாள் கிளம்பியதாக எழுதியிருந்தார்கள்.)