முதன்முறை மேடையேறும் பிள்ளைக்குப் பியானோ உருப்படி தெரிவுசெய்தல்

வீட்டில் வாசிப்பதைப் போலவே பிள்ளை மேடையிலும் வாசிக்கும் என்று நம்பி உருப்படியைத் தெரிவுசெய்வதுதான் பெற்றோரும் ஆசிரியரும் முதலில் விடும் பிழை. வீட்டில் விரல் வழுக்கினால் நிறுத்தித் திரும்பத் தொடங்கலாம். மேடையில் அது முடியாது. மண்டபத்துப் பியானோவின் கட்டைகள் கனமாக இருக்கும், கை வியர்க்கும், மின்விசிறி தாளைப் புரட்டும், முன்வரிசையில் அம்மம்மா இருப்பார். ஆகவே, மேடைக்கு எடுக்கும் உருப்படி பிள்ளை இப்போது படித்துக்கொண்டிருக்கும் மட்டத்துக்கு ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. லண்டன் இசைப் பரீட்சைகளில் தரம் 2 க்குத் தயாராகும் பிள்ளைக்கு, மேடைக்கென்று தரம் 1 அளவிலான உருப்படியையே கொடுக்கிறேன். அதனைத் தாழ்வாக எண்ணும் பெற்றோர் இருக்கிறார்கள். ஆனால் சபையில் இருப்பவர்கள் தரத்தைக் கேட்பதில்லை, இசையைத்தான் கேட்கிறார்கள்.

நிகழ்வுக்குப் பத்துக் கிழமைகள் இருக்கும்போதே தெரிவை முடித்துவிடுங்கள். ஆறு கிழமைகள் எஞ்சியிருக்கையில் இரண்டு கைகளும் சேர்ந்து, மெதுவாகவேனும் தடங்கலின்றி முடிவு வரை வரவில்லையென்றால், அந்த உருப்படியை அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கிவிட்டு இலகுவானதொன்றுக்கு மாறுவதே நல்லது. அந்த வேளையில் பிள்ளையின் கண்ணீருக்கு இரங்கி விட்டுவிட்டால், மேடையில் அதைவிடப் பெரிய கண்ணீரைப் பார்க்க நேரிடும்.

எல்லோரும் முதலில் கேட்பது பீத்தோவனின் 'எலிஸுக்காக' என்னும் உருப்படியைத்தான். 1810 இல் எழுதப்பட்டு, அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் கழித்து, 1867 இல் அச்சேறிய அந்த மெட்டு, இன்று நம் ஒழுங்கைகளில் பாண் கொண்டுவரும் முச்சக்கரவண்டியின் ஒலிபெருக்கியில் காலையும் மாலையும் கேட்கிறது. அதனால் பிள்ளைக்கு அதில் ஆசை வருவது இயல்பு. ஆனால் சபையில் உள்ள ஒவ்வொருவருக்கும் அடுத்த சுரம் எதுவென்று தெரியும் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். முதற் பகுதி கைக்கு இலகுவாகத் தோன்றினாலும், ஈ சுரத்தை இரு கைகளும் மாறிமாறி எடுத்து மீண்டும் தொடக்க மெட்டுக்குத் திரும்பும் இடத்தில், ஈ, டி ஷார்ப், ஈ, டி ஷார்ப் என்று எத்தனை தடவை வந்தது என்னும் கணக்குத் தவறி, சுழலில் அகப்பட்டதுபோல் பிள்ளைகள் அங்கேயே சுற்றுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நடுவில் எப் மேஜர் சுரவரிசைக்கு மாறும் பகுதியில் வலக்கை மிக விரைவான சிறு சுரங்களாக ஓட வேண்டும். பின்னர் இடக்கை ஏ சுரத்தை விடாமல் தட்டிக்கொண்டிருக்கும் பகுதி வருகிறது. இவற்றைத் தொடக்க மாணவரிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. பிள்ளை பிடிவாதமாக நின்றால், முதற் பகுதியை மட்டும் எடுத்து, நிகழ்ச்சி நிரலிலும் 'முதற் பகுதி' என்றே அச்சிடுங்கள்.

அதற்குப் பதிலாக நான் முதலில் எடுத்து வைப்பது, இசையமைப்பாளர் பாஹின் மனைவி அன்னா மக்டலீனா பாஹ் அம்மையாரின் 1725 ஆம் ஆண்டுக் குறிப்பேட்டில் உள்ள ஜி மேஜர் மினுவெட் என்னும் நடன மெட்டு. நீண்ட காலம் பாஹின் பெயரில் வழங்கிவந்தாலும் அது கிறிஸ்டியன் பெற்ஸோல்ட் இயற்றியது. நிரலில் அவருடைய பெயரையே இடுவது மரியாதை. மூன்றடித் தாளத்தில் முப்பத்திரண்டு பார்கள், அதாவது தாளச் சுற்றுகள். நிமிடத்துக்கு 120 அடி என்று வைத்து வாசித்தால் 48 வினாடிகளில் முடியும். இரு பாதிகளையும் இரண்டாம் முறையும் வாசித்தால் அதன் இரு மடங்கு. சிறு பிள்ளையின் கவனம் நிலைத்து நிற்பதற்கு அந்த நேரம் அளவானது. இந்த உருப்படியின் பெருங்குணம் அதன் தெளிவான வகுப்புகளாகும். எட்டு எட்டுப் பார்களாக நான்கு வாசல்கள் உண்டு. எங்கு தடுக்கினாலும் அடுத்த வாசலால் உள்ளே போய்விடலாம். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மேஜர் என்றால் விளங்காது; சங்கராபரணத்தின் சுரங்கள் என்று சொன்னால் உடனே தலையசைப்பார்கள்.

துடிப்பான பிள்ளைக்கு இந்த மினுவெட் சலிப்பூட்டக்கூடும். அப்படியானவர்களுக்கு, கொஞ்சம் முன்னேறிய பின்னர், பேர்க்முல்லரின் ஓபஸ் (படைப்பு எண்) 100 இல் இரண்டாவதாக உள்ள 'அரபெஸ்க்' மிகப் பொருத்தமானது. முதல் இரண்டு பார்களிலும் இடக்கையின் கோட்டுகள் (ஒருங்கே ஒலிக்கும் சுரங்கள்) மட்டுமே ஒலிக்கின்றன. அந்தச் சில கணங்களில் பிள்ளை மூச்சை இழுத்து, வேகத்தை நிதானித்து, வலக்கையைக் கட்டையில் வைத்துக்கொள்ளலாம். நூலில் போட்டிருக்கும் வேகத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். நடுவில் வலக்கையின் விரைவான ஓட்டம் இடக்கைக்கு மாறும் இடத்தை எந்த வேகத்தில் பிள்ளை தெளிவாக வாசிக்கிறதோ, அதுவே முழு உருப்படிக்கும் வேகம். ஷூமன் 1848 இல் இயற்றிய 'இளையோருக்கான தொகுப்பு' நூலில் உள்ள 'முரட்டுக் குதிரைக்காரன்', 'மகிழ்ச்சியான உழவன்' ஆகிய இரண்டும் இவ்வாறே பிள்ளைகளைக் கவர்பவை. உழவனில் மெட்டு இடக்கையில் இருப்பதால், இடக்கை பலவீனமான பிள்ளைக்கு அதனைக் கொடுக்காதீர்கள்.

மெதுவான உருப்படி இலகுவானது என்ற எண்ணமும் தவறு. சாய்கொவ்ஸ்கியின் 'பழைய பிரெஞ்சுப் பாடல்' பார்வைக்குச் சில சுரங்களே. ஆனால் ஒவ்வொரு சுரமும் தனியே கேட்கும், ஒன்று சற்று உரக்க விழுந்தாலும் மெட்டு முறிந்துவிடும். பாடத் தெரிந்த, செவி நுட்பமான பிள்ளைக்கு அது வரம்.

படிக்கத் தொடங்கி ஓராண்டும் ஆகாத பிள்ளைக்குத் தனி உருப்படியே வேண்டியதில்லை. ஆசிரியர் பக்கத்தில் இருந்து வாசிக்கும் நாற்கை உருப்படியாக, டியாபெல்லியின் ஓபஸ் 149 இலிருந்து ஒன்றை எடுங்கள். மாணவருக்குரிய பகுதி ஐந்து சுரங்களுக்குள்ளேயே நிற்பதால் கை இடம் மாற வேண்டியதில்லை. ஆசிரியரின் பகுதி சேரும்போது மண்டபம் நிறைந்த இசையாகிவிடும்.

திரைப்பாடல் வேண்டும் என்று கேட்பவர்களை நான் மறுப்பதில்லை. எனினும் கமகம் நிறைந்த பாடலைப் பியானோவில் வாசித்தால், சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்ல முடியாத கட்டைகளில் அதன் உயிர் நின்றுவிடுகிறது. நேரான சுரங்களில் நடக்கும் தாலாட்டோ, தேவாலயப் பாடலோ, நாட்டார் மெட்டோ அழகாக அமையும்.

அடுத்து, பிள்ளையின் கையையும் வீட்டில் இருக்கும் வாத்தியத்தையும் பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளையின் விரல்கள் பெரும்பாலும் ஒக்டேவுக்கு, அதாவது எட்டு வெள்ளைக் கட்டை அகலத்துக்கு, எட்டாது. நம்மூரில் பலர் 61 கட்டைகள் கொண்ட கீபோர்ட்டில் பழகுகிறார்கள். அதன் கட்டைகள் மிக மெல்லியவை, சுரத்தை நீட்டும் கால்மிதியான பெடலும் பெரும்பாலும் இருக்காது. அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பெடலை நம்பி நிற்கும் உருப்படி வேண்டாம். நிகழ்வுக்கு முன் மூன்று நான்கு தடவையாவது உண்மையான பியானோவில் வாசிக்க ஒழுங்குசெய்யுங்கள்.

மண்டபத்துப் பியானோவை முன்கூட்டியே பார்க்காமல் தெரிவை முடிவாக்காதீர்கள். திருகோணமலையில் கடற்காற்றில் கம்பி துருப்பிடிக்கிறது. வாடைக்காற்றோடு மழை தொடங்கியதும் மரம் ஈரத்தில் ஊதி, கட்டைகள் இறுகுகின்றன. ஒரு மார்கழி மாதத்தில், மினுவெட் வாசித்த என் மாணவன் ஒருவன் ஏழாம் பாரின் முதற் சுரமான எப் ஷார்ப்பை அழுத்தினான். நடு சி க்குச் சற்று மேலேயுள்ள அந்தக் கறுப்புக் கட்டை கீழே போய் மேலே வரவில்லை. அவன் இடக்கையால் அதை மெல்ல நெம்பி எழுப்பிவிட்டு, அடுத்த பாரிலிருந்து தொடர்ந்தான். அப்பகுதியை இரண்டாம் முறை வாசித்தபோதும் அதே கட்டை மறுபடி அமிழ்ந்துபோயிற்று. நிகழ்வுக்கு முதல் நாள் காலையில் நான் அந்தப் பியானோவைத் திறந்து தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனால் வெள்ளைக் கட்டைகளை மட்டும்.

அதன் பின்னர், நிகழ்வுக்கு ஒரு கிழமைக்கு முன்னரும் அன்று காலையிலும், ஒவ்வொரு பிள்ளையின் தாளையும் கையில் வைத்துக்கொண்டு, அந்த உருப்படியில் வரும் எல்லாச் சுரங்களையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கிறேன். திருத்த முடியாத கட்டை ஏதும் இருந்தால், அந்தச் சுரம் வராத வேறோர் உருப்படி தேவைப்படும். இதற்காகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் சென்ற ஆண்டு நன்றாக வாசித்த ஒன்றைக் கிழமைக்கு இரு தடவை வாசிக்க வைத்து, கையில் வைத்திருக்கச் சொல்கிறேன்.