ஆய்வுக்காக இரத்தக் குளுக்கோஸை அளக்கும் முறை: ஊசி முதல் பகுப்பாய்வுக் கருவி வரை

வளர்சிதை மாற்ற ஆய்வுகளில் குளுக்கோஸ் அளவு முன்னுக்குப் பின் முரணாக வந்தால், பலரும் முதலில் கருவியையே சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலும் பிழை அதற்கு முன்பே நேர்ந்திருக்கும். குழாய்க்குள் வந்த பிறகும் இரத்த அணுக்கள் குளுக்கோஸைச் செலவழித்துக்கொண்டே இருப்பதால், அறை வெப்பநிலையில் அது மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறைகிறது. வெறும் வயிற்றில் 104 மி.கி./டெ.லி. (ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் உள்ள மில்லிகிராம்) இருந்தவரின் குழாய் ஒரு மணி நேரம் மேசையில் கிடந்தால் கருவி ஏறத்தாழ 98 என்று காட்டும். முன்நீரிழிவு, அதாவது நீரிழிவுக்கு முந்தைய நிலை, தொடங்குவதாக அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வைத்த எல்லை 100 என்பதால், அந்நிலையில் உள்ள ஒருவர் இயல்பானவர்களின் வரிசையில் சேர்ந்துவிடுவார்.

சாம்பல் நிற மூடியுள்ள ஃபுளோரைடு குழாய் இந்த இழப்பை உடனே நிறுத்திவிடும் என்று நம்ப வேண்டாம். ஃபுளோரைடு தடுக்கும் ஈனோலேஸ் நொதி, குளுக்கோஸ் சிதையும் பாதையின் பிற்பகுதியில் இருப்பதால், முந்தைய படிகளில் ஒன்றிரண்டு மணி நேரம் வரை இழப்பு தொடர்கிறது. சிட்ரேட் தாங்கல் (அமிலநிலையை மாறாமல் வைத்திருக்கும் கலவை) கலந்த குழாயோ அமிலத்தன்மையை உயர்த்தி, பாதையின் தொடக்கத்திலேயே தடுத்துவிடுகிறது. அது கிடைக்காவிட்டால், குழாயை எட்டு முதல் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்துக் கலந்து, நீரும் பனிக்கட்டியும் சேர்ந்த கலவையில் உடனே செருகி, 30 நிமிடத்துக்குள் சென்ட்ரிபியூஜ் எனும் வேகச் சுழற்சிக் கருவியில் சுழற்றி, அணுக்களிலிருந்து பிரியும் திரவமான பிளாஸ்மாவைத் தனிக் குழாய்க்கு மாற்றிவிட வேண்டும். ஒருமுறை எங்கள் சென்ட்ரிபியூஜ் வேறு தளத்தில் இருந்தது. மின்தூக்கி நின்றுபோன ஒரு காலையில், பனிக்கட்டியில்லாத தாங்கியில் காத்திருந்த சாம்பிள்கள் அனைத்தும் குறைந்த அளவையே காட்டின. அந்தத் தொகுதியை முழுவதுமாக நீக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு குழாயிலும் இரத்தம் எடுத்த நேரத்தையும் சுழற்றிய நேரத்தையும் எழுதிவைக்கிறோம்.

குளுக்கோஸ் குடித்த பிறகு இரத்த அளவைப் பல நேரங்களில் பார்க்கும் வாய்வழி குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனையில், 75 கிராம் குளுக்கோஸ் கரைசலை ஐந்து நிமிடத்துக்குள் குடிக்கச் செய்து, முதல் வாய் பருகிய கணத்திலிருந்து நேரத்தைக் கணக்கிடுங்கள். சிரையில் பொருத்திய கேனுலா (மெல்லிய குழாய்) வழியாக எடுப்பதானால், அதில் தங்கியிருக்கும் உப்புநீர் கலந்த இரத்தத்தை முதலில் ஒதுக்கிவிடுங்கள்.

கருவிகளில் இரண்டு முறைகள் பரவலாக உள்ளன. ஹெக்ஸோகைனேஸ் என்ற நொதியைப் பயன்படுத்தும் முறையில் உருவாகும் என்ஏடிபிஎச் என்ற சேர்மம் 340 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும் அளவைக் கொண்டு குளுக்கோஸ் கணக்கிடப்படுகிறது. பெரிய ஆய்வகங்கள் நம்புவது இதையே. ஒய்.எஸ்.ஐ. 2300 போன்ற கருவிகளிலோ சவ்வில் பதித்த குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் நொதி உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்ஸைடைப் பிளாட்டின மின்முனை அளக்கிறது. உடலில் பொருத்தி இடைவிடாமல் அளக்கும் தொடர் குளுக்கோஸ் சென்சார்களைச் சரிபார்த்த பல ஆய்வுகளில் அதுவே ஒப்பீட்டு அளவுகோலாக இருந்தது. இவ்வகைக் கருவியில் முழு இரத்தம், பிளாஸ்மா இரண்டையும் செலுத்தலாம் என்பதால், எதைச் செலுத்தினீர்கள் என்பதை ஆய்வு முழுவதும் ஒரே மாதிரி வைத்திருங்கள். பிளாஸ்மா அளவு முழு இரத்த அளவைவிட ஏறத்தாழ 11 சதவீதம் கூடுதலாக இருக்கும்.

ஒவ்வொரு நாளும் கேலிப்ரேஷனுக்கு (கருவியின் அளவைச் சரிசெய்வதற்கு)ப் பிறகு, குறைந்த அளவிலும் உயர்ந்த அளவிலும் ஒவ்வொரு கன்ட்ரோலை (அளவு முன்பே தெரிந்த மாதிரியை) ஓட்டுங்கள். ஒரு கன்ட்ரோல் அதன் சராசரியிலிருந்து மூன்று திட்டவிலக்கத்துக்கு (வழக்கமான சிதறலின் அளவுக்கு) வெளியே போனாலோ, இரண்டு முறை தொடர்ந்து ஒரே பக்கம் இரண்டு திட்டவிலக்கத்தைத் தாண்டினாலோ அந்த ஓட்டத்தை (ஒரே தடவையில் அளந்த தொகுதியை) நிராகரித்துக் காரணத்தைத் தேட வேண்டும். கன்ட்ரோல் சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுவது காரணத்தை மறைத்துவிடும். இதை நான் கண்டிப்பாகத் தவிர்க்கச் சொல்வேன். சாம்பிள் கிண்ணத்தின் மேற்பரப்பில் சிறு காற்றுக்குமிழி இருந்தாலே உறிஞ்சப்படும் அளவு குறைந்து முடிவும் தாழும். செலுத்துமுன் வெளிச்சத்தில் பார்த்து அகற்றுங்கள்.

உறையவைத்த பிளாஸ்மா உருகும்போது மேலே நீர்போலத் தெளிந்தும் அடியில் மஞ்சளாக அடர்ந்தும் பிரிந்து நிற்கும். நன்கு கலக்காமல் மேலிருந்து எடுத்தால் முடிவு பிழையாகும். ஓட்டங்களுக்கிடையே வேறுபாடு கூடுதல் என்பதால், ஒரே பங்கேற்பாளரின் எல்லா நேரப் புள்ளிகளையும் ஒரே ஓட்டத்தில் அளந்துவிடுங்கள். ஒவ்வொன்றையும் இரட்டையாக அளந்து, இரண்டு மதிப்புகளையும் பதிவேட்டில் அப்படியே வைத்திருங்கள். லிட்டருக்கு மில்லிமோல் என்ற அளவுக்கு மாற்ற மி.கி./டெ.லி. மதிப்பை 18 ஆல் வகுத்தால் போதும். ஆனால் தசமத்தை முழுமையாக்குவதைக் கடைசிக் கணக்கு முடியும்வரை தள்ளிவையுங்கள்.