“இப்போ எவ்வளவு வாங்குறீங்க?”

கோயம்புத்தூரில் கணக்கர் வேலைக்கு நேர்காணல் போனால், டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) தெரியுமா என்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுகிறார்கள். 16,000 என்றதும் அதன் மேல் கொஞ்சம் போட்டுப் பேச்சை முடிப்பார்கள். வேலை எவ்வளவு என்பது கணக்கிலேயே வராது.

அப்புறம் வரிசையை மாற்றினேன். “ஜிஎஸ்டியும் நானே பார்க்கணுங்களா சார்?” என்று முதலில் கேட்டேன். ஆமாம் என்றார் மேனேஜர். சப்ளையர்கள் தாக்கல் செய்ததை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலைக் கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிட்டு, சப்ளையர் தாக்கல் செய்யாததால் வரவு கிடைக்காமல் நிற்கும் உள்ளீட்டு வரியை (கொள்முதலில் நாம் கட்டியது) பிடிக்கும் எக்செல் தாளைக் காட்டினேன். (எண்கள் எல்லாம் கற்பனை, பழைய முதலாளியின் கணக்கைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.) பழைய சம்பளத்தையும் மறைக்கவில்லை. “இந்த வேலைக்குக் கையில் 24,000 எதிர்பார்க்கிறேன்” என்றேன்.

“சிடிசி மூன்று லட்சம் தர்றோம்” என்றார்கள். சிடிசி என்றால் ஓர் ஆண்டில் நமக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிரித்து எழுதித் தரச் சொன்னேன். மாதம் 25,000, அதில் அடிப்படைச் சம்பளம் 15,000. நிறுவனத்தின் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பங்கு அந்த அடிப்படையில் 12 சதவீதம், அதாவது 1,800, கிராஜுவிட்டி (பணிக்கொடை) 4.81 சதவீதம், சுமார் 722. இரண்டும் சிடிசிக்குள்ளேயே. என் பிஎஃப் பங்கு இன்னொரு 1,800. மிச்சம் 20,678தான், அதிலும் தொழில் வரி வேறு கழியும்.

அந்தத் தாளிலேயே கழித்துக் காட்டினேன். மேனேஜர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். கையில் 23,000 என்று முடிந்தது. ஆஃபர் லெட்டரிலும் அப்படியே எழுதி வாங்கிய பிறகுதான் பழைய இடத்தில் ராஜினாமா கொடுத்தேன்.