மோபியஸ் சிண்ட்ரோம்: முகப் பயிற்சியில் எங்கே தவறுகிறோம்?

1888இல் ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் பால் மோபியஸ் விவரித்த பிறவிக் குறைபாடு இது. முகத்தை அசைக்கும் ஏழாவது கபால நரம்பும், கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது நரம்பும் சரியாக வேலை செய்யாது. குழந்தையால் சிரிக்க முடியாது, பலருக்கு இமையும் முழுதாக மூடாது. வயது ஏற ஏற முற்றுகிற நோய் அல்ல.

பெரியவர்களுக்குத் திடீரென வரும் முகவாதத்துக்கான பயிற்சியை அப்படியே இந்தக் குழந்தைக்கும் செய்வதுதான் முதல் தவறு. அங்கே நரம்பு வீங்கியிருக்கும், பெரும்பாலும் தேறிவிடும். இங்கே அது கருவிலேயே சரியாக உருவாகவில்லை. கன்னத்தை எவ்வளவு தேய்த்தாலும், மின்தூண்டல் கொடுத்தாலும் புது நரம்பு முளைக்காது. "சிரி, சிரி" என்று கண்ணாடி முன் நிறுத்துவதில் மிஞ்சுவது அழுகைதான். அதற்காக முகத்தை அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். சிலருக்குக் கீழுதட்டிலோ ஒரு பக்கத்திலோ கொஞ்சம் அசைவு இருக்கும். எது அசைகிறது என்று பார்த்த பிறகே பயிற்சியைத் தீர்மானிக்க வேண்டும்.

அடுத்தது கழுத்து. கண் பக்கவாட்டில் திரும்பாததால் குழந்தை தலையையே திருப்பிப் பார்க்கிறது. அதைக் கெட்ட பழக்கம் என்று நினைத்து அடக்கினால் பார்வையைப் பறித்த மாதிரி. தலை எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், கழுத்துத் தசையை இழுத்து நீட்டும் முன் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உடல் தசைகளும் பலருக்குத் தளர்வாக இருக்கும். "நேராக உட்கார்" என்று அதட்டிப் பயனில்லை. பாதம் பதியும் உயரத்தில் நாற்காலி, இடுப்புக்குப் பிடிமானம், அப்புறம் விளையாட்டோடு சேர்ந்த உடற்பயிற்சி. இவைதான் உதவும். ஊட்டும்போது தலையை அண்ணாத்துவது ஆபத்து, உணவு மூச்சுக்குழாய்க்குள் போகலாம்.

சிரிப்புக்கென ஒரு அறுவை சிகிச்சை உண்டு. தொடையிலிருந்து எடுத்த தசையைக் கன்னத்தில் வைத்து, பெரும்பாலும் மெல்லும் தசையின் நரம்போடு இணைப்பார்கள். பல்லைக் கடித்தால் உதட்டோரம் உயரும். கண்ணாடிப் பயிற்சி உண்மையில் பலன் தருவது இந்தக் கட்டத்தில்தான். ஆனால் அசைவு தொடங்கவே சில மாதங்கள் ஆகும். முதல் வாரங்களில் ஒன்றும் தெரியவில்லையே என்று சிகிச்சையாளரிடம் போவதை நிறுத்திவிடாதீர்கள்.