உவர் மண்ணில் செடிகளைத் தேர்ந்தெடுத்த என் அனுபவம்

தோட்டத்தில் ரோஜாவும் பீன்ஸும் அடுத்தடுத்துக் கருகியபோது, நீர் போதவில்லை என்றே எண்ணினேன். முதிர்ந்த இலைகளின் நுனியில் தொடங்கிய பழுப்பு விளிம்பு வழியாக உள்ளே பரவியதையும், காய்ந்த மண்ணின் மேல் வெண்படலம் பூத்திருந்ததையும் உற்றுப் பார்த்த பிறகுதான் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். மண்ணில் உப்பு எவ்வளவு என்று காட்டும் அதன் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 6 டெசிசீமன்ஸ் என்று தெரியவந்தது. 4-ஐத் தாண்டினாலே அது உவர் மண், பீன்ஸுக்கோ 1-ஐத் தாண்டியதுமே விளைச்சல் குறையத் தொடங்கும்.

ஜிப்சம் இடலாமா என்று யோசித்தேன். ஆனால் அது சோடியம் மிகுந்த களர் நிலத்துக்கான மருந்து. வடிகால் அமைத்து நல்ல நீரால் உப்பைக் கீழே கழுவி இறக்குவதே உவர் நிலத்துக்கு உதவும். அதைச் செய்துகொண்டே செடிகளையும் மாற்றினேன்.

வேலியோரம் காகிதப்பூவையும் அரளியையும் வைத்தேன். அரளி முழுவதுமே நஞ்சு என்பதால், குழந்தைகள் விளையாடும் பக்கத்தில் அதைத் தவிர்த்தேன். பீட்ரூட் வளர்ந்தபின் உப்பைத் தாங்கினாலும் முளைக்கும்போது தாங்காது. எனவே நல்ல மண் நிரப்பிய தட்டில் விதைத்து, நான்கு இலை வந்தபின், வேர் அலுங்காமல் எடுத்து நட்டேன். ஆவியாதல் குறைந்தால் உப்பு மேலேறுவதும் குறையும் என்பதால், பாத்திகளில் காய்ந்த சருகைக் கனமாகப் பரப்பினேன். இப்போது புதிய இலைகள் நுனி கருகாமல் விரிகின்றன.