விபத்தில் அடிபட்டவர்கள் முதல் நாளிலேயே செய்துவிடும் தவறுகள்

என் சித்தப்பா கொத்தனார். ஒரு நாள் வேலை முடிந்து பைக்கில் திரும்பும்போது பின்னால் வந்த வேன் இடித்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த வேன் டிரைவரே. "போலீஸ் கேஸ் மட்டும் வேணாம்ணே, செலவு முழுக்க நான் பாத்துக்கறேன்" என்று கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறார். சித்தப்பாவும் மனம் இளகி, டூட்டி டாக்டர் கேட்டபோது "நானே சறுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டார். மூன்றாவது வாரத்திலிருந்து டிரைவரின் போன் எடுக்கப்படவே இல்லை.

சித்தப்பா சொன்ன அந்த வாக்கியம் ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டது. வக்கீல்கள் ஏ.ஆர். காப்பி என்று சொல்வது இதைத்தான். அடிபட்டவர் வந்த நேரம், காயம் எப்படி ஏற்பட்டது, யார் கூட்டி வந்தார் என்று எல்லாம் அதில் இருக்கும். விபத்து நடந்த சில மணி நேரத்தில், வழக்கு என்ற நினைப்பே வராதபோது எழுதப்படுவதால், விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் அதற்கு மதிப்பு அதிகம். பின்னால் எத்தனை சாட்சி வந்தாலும், "முதலில் தானே விழுந்ததாகத்தானே சொன்னீர்கள்?" என்றுதான் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் ஆரம்பிப்பார். எவ்வளவு வலி இருந்தாலும் டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: என்ன வண்டி, எந்தப் பக்கமிருந்து வந்தது, தெரிந்தால் அதன் நம்பர். அடிபட்டவருக்கு நினைவில்லை என்றால் கூட்டி வந்தவர் சொல்லட்டும். உதவி செய்தவரை சாட்சியாக வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு தருகிறது.

டிரைவர் பாவம் என்று நினைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்து, லைசென்ஸும் சரியாக இருந்தால் இழப்பீட்டைக் கட்டப்போவது கம்பெனிதான். வண்டியால் அடிபடும் மற்றவர்களுக்கான மூன்றாம் நபர் காப்பீட்டை எல்லா வண்டிக்கும் கட்டாயம் ஆக்கியிருப்பதே இதற்காகத்தான்.

அடுத்தது ஸ்டேஷன். புகார் கொடுத்ததும் கையில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை எஃப்.ஐ.ஆர். என்று நினைத்துப் பலர் பத்திரப்படுத்தி வைக்கிறார்கள். அது மனு வந்ததற்கான ரசீது, அவ்வளவுதான். வழக்குப் பதிந்ததைக் காட்டும் எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள். சிகிச்சையால் புகார் தாமதமாகியிருந்தாலும் சோர்ந்துவிட வேண்டாம். எஃப்.ஐ.ஆர். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லியிருக்கிறது.

"கேஸ் எப்ப வேணா போட்டுக்கலாம்" என்று ஊரில் பெரியவர்கள் சொல்வது ஒரு காலத்தில் உண்மை. 1994-ல் செய்த திருத்தம் காலவரம்பையே எடுத்துவிட்டிருந்தது. ஆனால் 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்துவிட்டது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போடப்பட்டுள்ளன. அவற்றை நம்பி நாளைத் தள்ளாதீர்கள். விபத்து நடந்த ஊரில்தான் மனு போட வேண்டும் என்பதும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டால் ஒன்றும் கிடைக்காது என்று விட்டுவிடுகிறார்கள். அதற்கென்று தனித் திட்டம் இருக்கிறது. கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம். மனுவைக் கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

"எனக்கு சம்பளச் சீட்டு கிடையாதே" என்று கூலி வேலை செய்பவர்கள் கிடைத்த தொகையோடு ஒதுங்கிவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். சீட்டு இல்லாவிட்டாலும் தொழிலையும் அந்தக் காலத்துக் கூலி நிலவரத்தையும் வைத்துத் தீர்ப்பாயமே வருமானத்தைக் கணிக்கலாம். விபத்தில் வலது காலை இழந்த ஒரு காய்கறி வியாபாரிக்கு, எந்த ஆவணமும் இல்லாதபோதும், மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் ஏற்றுக்கொண்டது. உயர் நீதிமன்றம் 65 சதவீதம் என்று கணக்கிட்டிருந்த ஊனத்தை 85 ஆக்கியது. டாக்டர் எழுதும் சதவீதம் உடம்பைப் பற்றியது. அந்த உடம்பை வைத்து இனி என்ன வேலை செய்ய முடியும் என்பது தனிக் கணக்கு. இடது கையை இழந்த குமாஸ்தா பழைய வேலையில் தொடரலாம். தச்சருக்கோ டிரைவருக்கோ பிழைப்பே போய்விடும். இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றமே 2011-ல் விளக்கியிருக்கிறது. அதனால் சாரம் ஏற முடியாது, குத்துக்காலிட்டு உட்கார முடியாது, மூட்டை தூக்க முடியாது என்பதையெல்லாம் சாட்சிக் கூண்டில் விவரமாகச் சொல்ல வேண்டும். "கால் வலிக்குதுங்க" என்பதோடு நிறுத்திவிட்டால் அந்தக் கணக்கு குறைந்துவிடும்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து "ஜெயிச்சா இத்தனை பர்சன்ட் கொடுங்க" என்று பேசும் புரோக்கர்களிடம் கையெழுத்துப் போடாதீர்கள். கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவது வக்கீல்களுக்கு பார் கவுன்சில் விதிப்படியே தடை. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார். ஜில்லா கோர்ட் வளாகத்தில் போய்க் கேட்டால் போதும்.

லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் சமாதானம் பேசுவதில் தவறில்லை, பணம் சீக்கிரம் வரும். ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது. வைத்தியம் முழுதாக முடிந்ததா, இன்னொரு ஆபரேஷன் பாக்கி இருக்கிறதா என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு போங்கள். ஏ.ஆர். காப்பியில் இருந்த அந்த ஒரு வரிக்குப் பயந்து, கம்பெனி சொன்ன தொகைக்கே சித்தப்பா அங்கே கையெழுத்துப் போட்டார். அடுத்த வருஷம் காலில் வைத்த பிளேட்டை எடுக்க வேண்டும் என்றார்கள். அந்த ஆபரேஷனுக்குச் சித்தி தன் வளையலை அடகு வைத்தார்.